கஜாவுக்குப் பிறகு இரண்டரை ஏக்கர்: தென்னை காய்க்காத வருஷங்களை ஒரு வீடு தாண்டிய கதை

பேராவூரணிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, ஒரு போர்வெல், வீட்டை ஒட்டி ஒரு மாட்டுக்கொட்டகை, அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கூடிக் குறைகிற சில வெள்ளாடுகள். இதுதான் மொத்தச் சொத்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி மேற்கே போனபோது, தோப்பில் இருந்த 170 சொச்சம் மரத்தில் ஏறக்குறைய 130 மரம் போய்விட்டது. சில வேரோடு சாய்ந்தன, சில இடுப்பில் முறிந்தன, சில மரங்களுக்குத் தலை மட்டும் திருகிக் கழன்றது. இந்தப் பகுதியில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி, அந்தப் பக்கம் வேதாரண்யம், இந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி எல்லாம் இதே நிலைதான். ஆனாலும் நான் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. புயல் ஒரே ராத்திரியில் முடிந்தது. அதற்குப் பிறகு புதுக் கன்று நட்டு அது பாளை விடுகிறவரை ஐந்தாறு வருஷம் ஓடுகிறதே, அந்த இடைவெளியை எப்படித் தாண்டினார்கள் என்பதில்தான் சிறு விவசாயியின் வாழ்வும் சாவும் இருக்கிறது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலர் அந்த இடைவெளியில் நிலத்தை விற்றார்கள், சிலர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சித்தப்பா வீடு நின்றது. எப்படி நின்றது என்று அருகிலேயே இருந்து பார்த்தவன் என்கிற முறையில் முடிந்தவரை முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் புயலுக்கு முந்தைய வரவு செலவு. நம்ம பக்கம் நெட்டைத் தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் வைப்பார்கள், ஏக்கருக்கு 70 மரம் வரும். நல்ல தண்ணீரும் உரமும் கிடைக்கிற மரம் வருஷத்துக்கு நூறு காய் கொடுக்கும். 45 நாளைக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு வெட்டு. வியாபாரி வந்து எண்ணி எடுத்து, எண்ணிக்கைக்கு மேலே லாபக்காய் என்று கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். மரம் ஏறுகிறவருக்குக் கூலி, பொறுக்கிப் போடுகிறவருக்குக் கூலி, உரம், இதெல்லாம் போக மிச்சம் வீட்டுக்கு. பெரிய பணம் இல்லை, ஆனால் நிற்காமல் வந்தது. நெல் போட்டவர்கள் மேட்டூர் எப்போது திறக்கும், கல்லணைக் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று வானத்தையும் செய்தியையும் பார்த்துக்கொண்டிருந்தபோது தென்னைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 2018இல்கூட மேட்டூர் வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 19க்குத்தான் திறந்தது. அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் நஞ்சையை மேடாக்கித் தென்னை வைத்ததற்கு இதுதான் காரணம், சித்தப்பாவின் அப்பாவும் அப்படித்தான் வைத்தார். மாசாமாசம் வரும்படி கொடுக்கிற ஒரே பயிர் என்று நம்பி எல்லாரும் ஒரே பயிரில் போய் நின்றார்கள். அது விழுந்தபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது.

புயல் ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாட்டுக்கொட்டகை சரிந்து ஒரு கன்றுக்குட்டி செத்தது, பசு பிழைத்தது. ஓடு பறந்தது. கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்ததால் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெரு முறை வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். எங்கள் அப்பாயி அப்போது உயிரோடு இருந்தார்கள், 1952ஆம் வருஷத்துப் புயலைப் பார்த்தவர்கள். விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தோப்பைப் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டுலயும் இப்படித்தான் படுத்துக்கெடந்துச்சு, ஆனா அன்னைக்கு இவ்வளவு மரம் இல்ல" என்று சொன்னார்கள். அந்த 52 பேச்சு பின்னால் வேறொரு விதத்தில் திரும்ப வரும்.

இழப்பீட்டுக் கணக்கு

விழுந்த ஒவ்வொரு தென்னைக்கும் 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டால் 1,92,500 ரூபாய். சித்தப்பாவுக்கு 130 மரத்துக்கு 1,43,000 ரூபாய் வரவேண்டும். கேட்பதற்குப் பெரிய தொகை மாதிரித் தெரியும். ஒரு மரம் நூறு காய், ஒரு காய் பத்து ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். அதாவது, இன்னும் முப்பது வருஷம் காய்க்கக்கூடிய மரத்துக்கு ஒரு வருஷ வருமானத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லித் திட்டுவதற்காக எழுதவில்லை, பேரிடரில் ஒரு அரசு எத்தனை லட்சம் மரத்துக்குக் கொடுக்க முடியும் என்று ஒரு எல்லை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் எதற்கு என்று புரிந்துகொள்வது முக்கியம். அது மரத்தின் விலை இல்லை. அடுத்த ஆறு வருஷத்துக்கான சாப்பாடும் இல்லை. எதற்காவது ஒன்றுக்குத்தான் போதும், எந்த ஒன்றுக்கு என்பதைத்தான் ஒவ்வொரு வீடும் முடிவு செய்யவேண்டியிருந்தது.

வெட்டி எடுக்க 500 ரூபாய் என்பது போதவே இல்லை. பவர் ரம்பம் வைத்திருப்பவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், ஊர் முழுக்க ஒரே சமயத்தில் அவர்களைத் தேடியதால் கூலி ஏறியது. மரத்தை வாங்க ஆள் இல்லை, எங்கு பார்த்தாலும் மரம்தானே. வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்க ஜேசிபி மணிக்கணக்கில் வாடகை.

பணம் கைக்கு வருவதிலும் ஒரு சிக்கல். தோப்பு கூட்டுப் பட்டா. தாத்தா பெயரிலும் அவர் தம்பிகள் பெயரிலும் சேர்ந்து கிடந்தது, பாகம் வாய்மொழியாகப் பிரித்ததுதான். யார் மரம் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது. சென்னையில் இருக்கிற ஒரு பங்காளியின் கையெழுத்து வாங்கி, வங்கிக் கணக்கு விவரம் சேர்த்துக் கொடுத்து, எல்லாம் சரியாகிப் பணம் வருவதற்குள் தனிப்பட்டா வைத்திருந்த எதிர்த்தோப்புக்காரர் கன்று நட்டு முடித்திருந்தார். குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர்களின் நிலை இதைவிட மோசம், காய் அவர்களுடையது, பட்டா வேறொருவருடையது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக்காப்பீட்டுத் திட்டம் அப்போதே இருந்தது. 16 முதல் 60 வயது வரையான மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய், அதிலும் முக்கால் பங்கை வாரியமும் மாநில அரசும் போட்டுவிடும், விவசாயி கட்டவேண்டியது மூன்றரை ரூபாய், மரம் போனால் 1,750 ரூபாய். எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கட்டியிருக்கவில்லை. தெரியாது, அவ்வளவுதான். யாரும் வந்து சொல்லவும் இல்லை.

சித்தி போட்ட சண்டை

பணம் வந்த பிறகு வீட்டில் நடந்த வாக்குவாதம்தான் இந்த முழுக் கதைக்கும் அச்சாணி. சித்தப்பா எல்லாப் பணத்தையும் தோப்பில் போடவேண்டும் என்றார். நல்ல கன்று, சொட்டுநீர், புது மோட்டார், சுற்றிக் கம்பிவேலி, ஒரே மூச்சில் தோப்பைப் பழையபடி நிறுத்திவிட வேண்டும். அவர் வளர்ந்த நிழல் அது, அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"தென்னம்பிள்ளைய வச்சா நாளைக்கே காச்சிருமா? அதுவரைக்கும் அடுப்புல எத வைக்கிறது?"

"ஊடுபயிர் போட்டுக்கலாம்."

"அது மழையப் பொறுத்தது. எனக்கு இன்னொரு மாடு வேணும், நாலு ஆடு வேணும். மிச்சத்த தென்னைக்குப் போடுங்க."

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. தென்னை, வைத்தவன் காலத்திலேயே பலன் தரும் என்பதற்காகச் சொன்னது. அந்தத் தின்பதற்கு முந்தின ஆறு வருஷம் எதைத் தின்பது என்பதுதான் சித்தியின் கேள்வி, அதற்குச் சொலவடையில் பதில் இல்லை. கடைசியில் சித்தப்பா இறங்கி வந்தார். சினையாக இருந்த ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் சில பெட்டை ஆடுகளும் வாங்கினார்கள். சொட்டுநீரும் கம்பிவேலியும் அப்போதைக்குத் தள்ளிப்போனது. இந்த ஒரு முடிவைப் பற்றி இப்போதும் தெருவில் பேச்சு வரும். எதிர்த்தோப்புக்காரர் முழுப் பணத்தையும் கன்றிலும் வேலியிலும் போட்டார், அவர் தோப்பு சித்தப்பா தோப்பைவிட ஒரு வருஷம் முந்தி நன்றாகவே வந்தது, ஆனால் மூன்றாவது வருஷம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, அதைக் கட்ட முடியாமல் தோப்பில் பாதியை, காய்க்கிற தறுவாயில் இருந்த பாதியை, விற்றார். நட்டவர் ஒருவர், காயை வெட்டுகிறவர் இன்னொருவர்.

இதில் சித்தியின் கீற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புயலடித்த வாரத்தில் எல்லாரும் விழுந்த மட்டைகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, சித்தி தன் தோப்பு மட்டையையும் பக்கத்தில் வேண்டாம் என்றவர்களின் மட்டையையும் குளத்தில் ஊறப்போட்டுக் கீற்று முடைய ஆரம்பித்தார்கள். கூரை போன வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும், கீற்று முடைந்த கையோடு விற்றது. இழப்பீடு வருவதற்கு முந்திய மாதங்களில் வீட்டில் அரிசி வாங்கியது அந்தக் காசுதான். ஊர்ப் பெண்கள் பலர் இதைச் செய்தார்கள், ஆனால் இழப்பைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இது வருவதில்லை.

விழுந்த மரம் செய்கிற வேலை

தென்னை விழுந்தால் அதோடு தொல்லை முடியாது. அழுகும் தென்னந்தண்டுதான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிற இடம். புழு மாதக்கணக்கில் அதற்குள்ளேயே கிடந்து தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வந்து நேராகக் குருத்தைத் துளைக்கும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும், விரிகிற மட்டையில் கத்தரியால் நறுக்கியது போல முக்கோண வெட்டுத் தெரியும், காய் குறையும். நேற்று நட்ட கன்றுக்கு அதே துளை மரணம். லட்சக்கணக்கான தண்டுகள் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் அழுகிக்கொண்டிருந்த ஊரில், அதன் நடுவிலேயே எல்லாரும் கன்று நட்டார்கள். 2020, 2021இல் வண்டு எவ்வளவு என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சித்தப்பா இந்த விஷயத்தில் சரியாக நடந்துகொண்டார். வந்த விலைக்கு அடித்தண்டைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தார், வைரமான சில தண்டை அறுத்துக் கொட்டகைக்குக் கால் நட்டார், தலைப்பகுதியை அன்றைக்கே கொளுத்தினார். இருந்தும் பக்கத்து வரப்புகளிலிருந்து வண்டு வந்தது. அதற்கு அவர்கள் செய்தது எல்லாம் பழைய வேளாண் சிபாரிசுதான்: மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து வைப்பது, அந்துருண்டையை வைத்து மேலே மணல் போடுவது, ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துப் பானையில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வைத்து விழுகிற வண்டை எடுத்துக் கொல்வது, சாணக் குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்து விடுவது, ஓட்டையில் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பது. கடைசி வேலையைச் சித்தப்பாவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து செய்வாள். எந்த ஒரு வழியும் தனியாகக் காப்பாற்றவில்லை, விடாமல் எல்லாவற்றையும் செய்ததுதான் காப்பாற்றியது. அப்படியும் நட்டதில் பத்தில் ஒன்று போனது, திரும்ப நட்டார்கள்.

விட்டுப்போனது ஒன்று உண்டு. தென்மேற்கு மூலையில் இருபது வேர்க்கட்டைகள். அங்கே ஜேசிபி வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது, அப்படியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அந்த மூலையில் புயலுக்குத் தப்பி நின்ற பழைய மரங்களில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிய ஆரம்பித்தது. அடித்தண்டழுகல். ஊரில் தஞ்சாவூர் வாடல் என்றே சொல்வார்கள். மண்ணில் இருக்கிற கானோடெர்மா என்கிற பூஞ்சாணம் வேர் வழியாக ஏறுகிறது, பழைய கட்டையிலும் வேரிலும் தங்கிப் பக்கத்து மரத்துக்குப் போகிறது. இந்த நோய் தஞ்சை மாவட்டத்தில் பெரிதாகத் தலையெடுத்ததே 1952 புயலுக்குப் பிறகுதான் என்று பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் இருக்கிற தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனபோது சொன்னார்கள், அப்பாயி சொன்ன அதே புயல். ஆக, புயல் போட்ட மரத்தை எவ்வளவு சுத்தமாக எடுக்கிறோம் என்பது அடுத்த தலைமுறைத் தோப்பையும் தீர்மானிக்கிறது. இழப்பீட்டில் வெட்டி அகற்ற என்று கொடுத்த 500 ரூபாய் வேர்க்கட்டைக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்திருந்தால் நிறையத் தோப்புகளில் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் திடமான எண்ணம்.

நின்ற மரங்கள் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை இருந்தது. நாற்பது மரம் நிற்கிறதே, அது காய்க்குமே என்று. தென்னையில் பாளை உள்ளே உருவாகத் தொடங்கி வெடித்து வெளியே வர இரண்டரை வருஷத்துக்கும் மேல் ஆகிறது, அதற்குப் பிறகு காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம். மட்டை எல்லாம் முறிந்து குருத்துத் திருகிய மரத்துக்கு உள்ளே இருந்த பாளைகளும் அடிபட்டுத்தான் இருந்தன. 2019, 2020 இரண்டு வருஷமும் நின்ற மரங்களில் குரும்பை கொட்டியது, இருந்த காயும் சிறுத்தது. 2022இல்தான் பழைய நிலைக்கு வந்தன.

பால், ஆடு, கடலை

கன்று 2019 ஆடியில் நட்டார்கள். மூன்றடிக் குழி, மணல், தொழுஉரம், வேப்பம்புண்ணாக்கு. கன்றுக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு, எங்கிருந்தோ லாரியில் வந்த தாய்மரம் தெரியாத கன்றுகளை எல்லாம் அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். சித்தப்பா தப்பி நின்ற தன் மரங்களிலேயே நல்ல காய்ப்பு உள்ளதில் நெற்று எடுத்து மணலில் பதியம் போட்டுக் கொஞ்சம் நாற்று வளர்த்தார், மிச்சம் வெளியில் வாங்கினார், அதில் நெட்டையும், நெட்டை குட்டை கலப்பான ஒட்டுரகமும் கலந்து. புயலைத் தாங்கிய மரத்தின் பிள்ளை என்பதில் அவருக்கு ஒரு பிடிப்பு. அது அடுத்த புயலைத் தாங்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் எந்த மரத்தின் பிள்ளை என்று தெரிந்து நடுவது நல்லதுதான்.

முதல் மூன்று வருஷம் கன்றுகளுக்கு நடுவே வெயில் நிறைய. மார்கழியில் நிலக்கடலை, ஒரு வருஷம் எள், ஒரு வருஷம் உளுந்து. மணல் கலந்த மண், கடலைக்கு நல்லது. ஒரு வருஷம் கடலை நன்றாக வந்தது, அடுத்த வருஷம் முளைத்து வருகிறபோதே மயில் கூட்டம் இறங்கிக் கொத்தித் தீர்த்தது, விதைக்காசுகூட வரவில்லை. சித்தி சொன்னது அப்படியே நடந்தது, ஊடுபயிர் ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளும்.

வீட்டை நடத்தியது பால். பசும்பால் கொள்முதல் விலை 2019 ஆகஸ்டில் லிட்டர் 28 ரூபாயிலிருந்து 32 ஆனது, 2022 நவம்பரில் 35. கொழுப்பும் சத்தும் பார்த்து விலை போடுவதால் கைக்கு வருவது அதைவிடக் குறையும், தவிடும் புண்ணாக்கும் விலை ஏறியதில் உயர்ந்த காசில் பாதி தீவனக் கடைக்குப் போனது. லாபம் என்று தனியாக எழுதினால் மிகச் சொற்பம். ஆனால் கணக்கை அப்படிப் பார்க்கக் கூடாது. தென்னை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கடலை வருஷத்துக்கு ஒருமுறை, பால் மட்டும் தினம். மளிகைக்கடைக்காரர் பால் ஊற்றுகிற வீட்டுக்குக் கடன் எழுதுவார், ஊற்றாத வீட்டுக்கு யோசிப்பார். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச்சுக்குப் பிறகு, காய் எடுக்க லாரி வராமல், தப்பி நின்ற மரத்துக் காயும் களத்தில் கிடந்தபோது, பால் வண்டி மட்டும் நிற்கவில்லை.

அதே வருஷம் பசுவுக்குத் தோல் கழலை நோய் வந்தது, ஊரில் மாட்டம்மை என்றார்கள். உடம்பெல்லாம் கட்டி, காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, பால் வற்றியது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டார், கூடவே வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவச் சொன்னார், புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போட்டார்கள். சித்தி பல ராத்திரி கொட்டகையிலேயே படுத்தார்கள். பசு பிழைத்தது, பழைய பால் அந்த ஈற்றில் திரும்பவில்லை.

ஆடு அவசரத்துக்கு. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, கல்யாண மொய், எது வந்தாலும் ஒரு கிடா. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் விலை நன்றாக இருக்கும், அப்போது விற்கிறபடி நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள், அவசரம் அதுவரை காத்திருப்பதில்லை. ஆட்டுக்கும் தென்னங்கன்றுக்கும் ஜென்மப் பகை. கம்பிவேலிக்குப் பணம் இல்லாததால் மல்லிப்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து கன்றைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினார்கள், அப்படியும் கண் அசந்த நேரத்தில் சில கன்றின் குருத்துப் போனது. சித்தப்பா அன்றைக்கெல்லாம் சித்தியோடு பேசமாட்டார்.

ஆட்டில் பெரிய அடி 2021 மழையில் விழுந்தது. ஐப்பசி மழைக்கு வயல் ஓரமெல்லாம் இளம்புல் தள்ளியது, கொழுத்த குட்டிகள் வயிறு முட்ட மேய்ந்தன, காலையில் பார்த்தால் நல்லா இருந்த குட்டி துள்ளி விழுந்து செத்துக் கிடந்தது. ஒரு வாரத்துக்குள் ஐந்து குட்டிகள். துள்ளுமாரி. குடலில் எப்போதும் இருக்கிற கிருமிதான், திடீரென்று இளம்புல் நிறைய உள்ளே போகும்போது அது பெருகி விஷத்தை விடுகிறது, வந்தபிறகு மருந்து கொடுக்க நேரமே இருக்காது. மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டிருந்தால் ஐந்தும் இருந்திருக்கும், கால்நடை மருந்தகத்தில் அது கிடைக்கத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் குடற்புழு மருந்தும் துள்ளுமாரி ஊசியும் போடாமல் விடுவதில்லை, மழைக்காலத்தில் காலையில் கொஞ்சம் காய்ந்த தழையோ கடலைக்கொடியோ கொடுத்துவிட்டுத்தான் மேய்ச்சலுக்கு விடுகிறார்கள். ஆடு வைத்திருக்கிற எல்லாரும் இதை மட்டுமாவது செய்யுங்கள், ஐந்து குட்டி என்பது ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பு.

வெளியிலிருந்து வந்த உதவிகளில் இரண்டு நேராக வீட்டைத் தொட்டன. 2019இலிருந்து வருஷம் 6,000 ரூபாய் மூன்று தவணையில் வருகிற பிஎம் கிசான், அது கடலை விதைக்கும் உழவுக்கும் போனது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனதில் சித்தப்பாவின் கடனும் இருந்தது. அது இல்லாமல் இருந்தால் ஆட்டைப் பூராவும் விற்றிருக்க வேண்டும்.

வெள்ளை ஈ, பிறகு காய்

கன்றுகள் ஆள் உயரம் தாண்டிய 2022இல் சுருள் வெள்ளை ஈ வந்து சேர்ந்தது. இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டது, மெல்ல டெல்டாவுக்கும் வந்துவிட்டது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், அது விடுகிற தேன் போன்ற கழிவு கீழ் ஓலையில் விழுந்து கரும்பூசணம் படியும், தோப்பே கரி பூசிக் கிடக்கும். ஊரில் பலர் டிராக்டரில் பெரிய ஸ்ப்ரேயர் வைத்துப் பூச்சிமருந்து அடித்தார்கள், இரண்டு வாரத்தில் இன்னும் அதிகமாக வந்தது. இந்த ஈயை அடக்குகிற என்கார்சியா என்கிற ஒரு சின்னக் குளவி இருக்கிறது, மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். சித்தப்பா மருந்து அடிக்காததற்கு முதல் காரணம் பணம் இல்லாததுதான், ஆனால் அது நல்லதாகவே முடிந்தது. ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை மரத்தில் கட்டினார், மோட்டார் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சி அடித்தார், கரும்பூசணத்துக்கு மைதாவைக் காய்ச்சித் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார், காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து விழும். ஈ போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. கன்று சாகாத அளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது.

ஒட்டுரகக் கன்றுகளில் 2023இல் முதல் பாளை. அந்த வருஷம் காய் விலை பத்து ரூபாய்க்கும் கீழே போனது, கொப்பரையைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு எடுக்கிற இடத்தில் வரிசை, ஈரப்பதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதும் நடந்தது. அதே வருஷம் மேட்டூர் ஜூன் 12க்குத் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபரில் மூடினார்கள், நெல் போட்டவர்கள் குறுவையில் அடிபட்டார்கள், ஆக தென்னையிலும் காசு இல்லை நெல்லிலும் காசு இல்லை என்று ஊரே சோர்ந்து கிடந்தது. நெட்டைக் கன்றுகள் 2025இல் குலை தள்ளியபோது நிலைமை தலைகீழ். காய் வரத்து எல்லா இடத்திலும் குறைந்து, விலை இருபது ரூபாயைத் தாண்டி ஏறியது, கொப்பரை கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனது. சித்தப்பாவுக்கு இன்னும் முழுக் காய்ப்பு இல்லை, பழைய மரமும் புது மரமும் சேர்ந்து முன்பு வந்ததில் பாதிதான், ஆனால் கையில் வந்த பணம் புயலுக்கு முந்திய வருஷத்தைவிட அதிகம்.

அந்தப் பணத்தை வைத்து மீண்டும் வீட்டில் பேச்சு. சித்தப்பா ஆட்டை விற்றுவிட்டுத் தோப்பை மட்டும் பார்க்கலாம் என்றார், அறுபதை நெருங்குகிறார், மாட்டுக்குப் புல் அறுக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. சித்தி, "வெல ஏறுனா எறங்கும், பால நிறுத்தக்கூடாது" என்று நிற்கிறார்கள். மகள் கால்நடை ஆய்வாளர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்கு வந்தபோது தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரம் ஏறும் மெஷின் வாங்கலாமா என்று விலை விசாரித்துவிட்டுப் போனான். மரம் ஏற ஆள் கிடைக்காமல் தொரட்டி வைத்துக் குட்டை மரத்தில் மட்டும் பறித்துக்கொண்டிருக்கிற ஊரில் அது நல்ல யோசனைதான்.

தென்மேற்கு மூலையில் சாறு வடிந்த மரங்களில் நான்கை வெட்டி, இந்தத் தடவை வேர்க்கட்டையோடு தோண்டி எடுத்தாகிவிட்டது. மிச்ச மரங்களைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பிரித்து, மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கும் ட்ரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்த தொழுஉரமும் போட்டு, நடுவே வாழை வைத்திருக்கிறார்கள், வாழை இருக்கிற தோப்பில் அந்த நோய் மட்டுப்படுகிறது என்பது ஆராய்ச்சி நிலையம் சொன்னது. கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனிப்பட்டா வாங்குகிற வேலை இன்னும் பாக்கி. சென்னைப் பங்காளி பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், சர்வேயருக்குப் பணம் கட்டித் தேதி வாங்கியாகிவிட்டது.